வைரஸ் தொற்றிய மூச்சுப்பாதையில் பாக்டீரியா எப்படி ஒட்டிக்கொள்கிறது?

ஃபுளூ காய்ச்சலில் படுத்தவர் நிமோனியாவில் இறந்தார் என்ற செய்தியைப் படிக்கும்போது ஒரு குழப்பம் எழுவது இயல்பு. ஃபுளூ வைரசால் வருவது. நிமோனியாவோ பல நேரங்களில் பாக்டீரியாவால் வருவது. அப்படியானால் அவர் இறந்தது எதனால்? சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிய மருத்துவரே, சில நாள் கழித்து அதே நோயாளிக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தருவதும் முரண்பாடாகவே தோன்றும். இரண்டுக்கும் விடை ஏறத்தாழ ஒரே இடத்தில் கிடைக்கிறது: அதுவரை பிடிமானம் கிடைக்காமல் இருந்த பாக்டீரியாக்களுக்கு, வைரஸ் தாக்கிய பின் மூச்சுப்பாதையின் செல்களில் பிடிமானம் கிடைத்துவிடுகிறது.

இந்தப் பிடிமானம் ஒரே ஒரு வழியில் உண்டாவதில்லை. குறைந்தது ஐந்து வழிகள் ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. எந்த வைரஸ் எந்த வழியைத் திறக்கிறது, எத்தனையாவது நாளில் திறக்கிறது என்பவை வேறுபடுகின்றன. ஒரே ஏற்பியை, அதாவது பாக்டீரியா பற்றும் செல் மேற்பரப்பு மூலக்கூறை, அடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று அவ்வப்போது எழும் நம்பிக்கை நிறைவேறாமல் போவதற்குக் காரணமும் இந்தப் பன்மைதான்.

## சொற்களும் அவற்றின் எல்லைகளும்

விளக்கத்துக்குள் போகும் முன் நான்கு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

1. குடியிருப்பு: பாக்டீரியா மூக்கிலோ தொண்டையிலோ தங்கிப் பெருகினாலும் நோய் எதையும் உண்டாக்காத நிலை. நியூமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, குறிப்பாகச் சிறு குழந்தைகளின் மூக்கின் பின்புறத்தில், இவ்வாறு சத்தமில்லாமல் வாழ்கிறது.
2. ஒட்டுதல்: பாக்டீரியாவின் மேற்பரப்பு மூலக்கூறு ஒன்று உடல் செல்லின் மேற்பரப்பு மூலக்கூறு ஒன்றைப் பற்றி, கழுவினாலும் போகாதபடி நிற்பது.
3. ஊடுருவல்: ஒட்டிய பாக்டீரியா செல்லுக்குள்ளேயோ செல்களைத் தாண்டி அடித்திசுவுக்கோ செல்வது.
4. இரண்டாம் நிலைத் தொற்று: வைரஸ் தொற்றின் பின்விளைவாக, பெரும்பாலும் சில நாள் இடைவெளியில், பாக்டீரியா நோயை உண்டாக்குவது. இரண்டும் ஒரே காலத்தில் இருந்தால் அதைக் கூட்டுத் தொற்று என்பார்கள். நோயாளியின் படுக்கையருகே நின்று பார்த்தால் இவ்விரண்டுக்கும் இடையிலான கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

இரண்டாம் நிலைத் தொற்றுக்குக் காரணமான பாக்டீரியா பெரும்பாலும் வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. நோயாளியின் மூக்கிலோ தொண்டையிலோ ஏற்கெனவே குடியிருந்ததுதான் அது. நியூமோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே, மொராக்செல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனஸ் ஆகியவை இப்பட்டியலில் அடிக்கடி வருபவை.

## நலமான மூச்சுப்பாதையில் ஒட்டுவது ஏன் கடினம்

மூக்கிலிருந்து நுரையீரலின் சிறு கிளைக்குழாய்கள் வரை உள்வரியாக அமைந்திருக்கும் செல் படலத்தை எபிதீலியம் என்கிறோம். அதன் பல செல்களின் தலைப்பகுதியில் சிலியா எனப்படும் நுண்ணிழைகள் உள்ளன. ஒரு செல்லுக்குச் சுமார் 200 இழைகள். அவை நொடிக்குப் பத்து முதல் இருபது முறை வரை ஒரே திசையில் அடிக்கின்றன. அவற்றின் மேல் கோழைப் படலம் மிதக்கிறது. உள்ளே வரும் தூசியும் நுண்ணுயிரும் அந்தக் கோழையில் சிக்கித் தொண்டைப் பக்கமாகத் தள்ளப்படுகின்றன. நாம் அறியாமலேயே அவற்றை விழுங்கிவிடுகிறோம்.

ஆகவே பாக்டீரியா செல்லைத் தொட வேண்டுமானால் முதலில் கோழையைக் கடக்க வேண்டும். கோழையில் மியூசின் என்னும் புரதங்கள் உள்ளன. அவற்றின் உடல் முழுவதும் சர்க்கரைக் கிளைகள். செல்லின் மேற்பரப்பில் பாக்டீரியா தேடுவதும் பெரும்பாலும் சர்க்கரைக் கிளைகளைத்தான் என்பதால், கோழை ஒரு பொறியாகிறது: பாக்டீரியா அங்கேயே பற்றிக்கொண்டு, செல்லை எட்டும் முன்பே வெளியே இழுத்துச் செல்லப்படுகிறது. கோழையில் கலந்திருக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருள் பாக்டீரியாவைச் சூழ்ந்து அதன் பிடிகளை மறைக்கிறது. இவற்றையெல்லாம் தாண்டி வந்தாலும், செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் பலவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் தொப்பி போட்டதுபோல் அமர்ந்திருக்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட இந்த நுனி, அதன் கீழே உள்ள சர்க்கரைகளை மறைத்து நிற்கிறது. ஒட்டுவதற்கு மிக ஏற்ற இடங்களான அடித்தளச் சவ்வும் அதிலுள்ள கொலாஜன், லாமினின், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களும் முழுமையான செல் படலத்துக்கு அடியில் புதைந்திருப்பதால் எட்டுவதில்லை.

## பாக்டீரியாவின் பிடிகள்

பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒட்டுதலுக்கென்றே உள்ள மூலக்கூறுகளை அட்ஹெசின்கள் என்கிறார்கள். நாயுருவி விதை துணியில் பற்றுவதற்கு ஒரு முள் போதாது. பல சிறு முட்கள் ஒருசேரக் கொக்கி போட வேண்டும். பாக்டீரியாவின் ஒட்டுதலும் அப்படித்தான். தனித்தனியே பார்த்தால் வலுவற்ற பல பிணைப்புகள் ஒன்றுசேர்ந்து உறுதியான பிடியாகின்றன.

நியூமோகாக்கசை எடுத்துக்கொள்வோம். அதன் செல் சுவரில் பாஸ்போரில்கோலின் என்னும் சிறு மூலக்கூறு பதிந்திருக்கிறது. சிபிபிஏ என்னும் புரதம் மனித செல்லின் மேற்பரப்பில் உள்ள ஐஜிஏ கடத்தி ஏற்பியைப் பற்றுகிறது. எதிர்ப்பொருளை உள்ளிருந்து வெளியே கொண்டுவர உடல் வைத்திருக்கும் வாகனத்தையே பாக்டீரியா பற்றிக்கொள்கிறது. சில வகைகளுக்குப் பிலி என்னும் மயிரிழைகளும் உண்டு. இவற்றுக்கு மேல், நூற்றுக்கும் அதிகமான வகைகளில் காணப்படும் சர்க்கரை உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. இந்த உறை பாக்டீரியாவை விழுங்கு செல்களிடமிருந்து காக்கிறது. ஆனால் அதுவே தடித்திருக்கும்போது அட்ஹெசின்களை மறைத்து ஒட்டுதலைக் கெடுக்கிறது. எனவே நியூமோகாக்கஸ் இரு வடிவங்களுக்கு இடையே மாறிக்கொள்கிறது: உறை மெலிந்த வடிவம் மூக்கில் ஒட்டி வாழ ஏற்றது, உறை தடித்த வடிவம் இரத்தத்தில் உயிர்பிழைக்க ஏற்றது. நன்றாக ஒட்டுவதும் நன்றாகத் தப்புவதும் ஒரே நேரத்தில் கைகூடாத இந்த இழுபறியை மனத்தில் கொண்டால், வைரஸ் செய்து தரும் உதவியின் மதிப்பு விளங்கும்.

## ஒட்டுதலை எப்படி அளக்கிறார்கள்

இத்துறையில் வெளியாகும் முடிவுகளை மதிப்பிட, சோதனை எவ்வாறு நடக்கிறது என்று தெரிந்திருப்பது அவசியம். சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் மூச்சுப்பாதைச் செல்களை ஒற்றை அடுக்காக வளர்க்கிறார்கள். பாதிக் குழிகளில் வைரசை இட்டு ஒரு நாள் போல விடுகிறார்கள்; மீதி ஒப்பீட்டுக்கு. பின்னர் எல்லாக் குழிகளிலும் எண்ணிக்கை தெரிந்த பாக்டீரியாவை ஊற்றிச் சிறிது நேரம் வைத்து, உப்புக் கரைசலால் பலமுறை கழுவுகிறார்கள். கழுவியும் போகாதவையே ஒட்டியவை. செல்களைக் கரைத்து அந்த நீர்மத்தை நீர்த்து, இரத்த அகார் தட்டில் பரப்பி, மறுநாள் தோன்றும் புள்ளிகளை எண்ணுகிறார்கள். ஒரு புள்ளி ஓர் உயிருள்ள பாக்டீரியாவின் சந்ததி. உள்ளே நுழைந்தவற்றைப் பிரித்தறிய, கழுவிய பின் ஜென்டாமைசின் சேர்ப்பது வழக்கம். அது செல்லுக்கு வெளியே உள்ள பாக்டீரியாவைக் கொல்லும், உள்ளே உள்ளவற்றை எளிதில் எட்டாது.

எளிய, திரும்பச் செய்யத்தக்க முறை இது. ஆனால் இதன் குறை பெரியது. அதிகம் பயன்படுத்தப்படும் ஏ549 செல்கள் 1972-இல் ஒரு நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து பெறப்பட்ட செல்களின் வழித்தோன்றல்கள். அவற்றில் அடிக்கும் சிலியாவும் இல்லை, மேலே ஓடும் கோழைப் படலமும் இல்லை. முந்தைய பகுதியில் சொன்ன தடைகளில் பாதி அந்தத் தட்டில் கிடையாது. காற்று மேலும் ஊட்டநீர் கீழுமாக வைத்து வளர்க்கும் மனித மூச்சுக்குழல் செல்கள் உண்மைக்கு நெருக்கமானவை. அவற்றில் கிடைக்கும் முடிவு சில நேரங்களில் ஏ549-இல் கிடைத்ததோடு ஒத்துப்போவதில்லை. "வைரஸ் ஒட்டுதலைப் பன்மடங்கு கூட்டியது" என்ற வரியைப் பார்க்கும்போது எந்தச் செல்லில் என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

## வைரஸ் உண்டாக்கும் மாற்றங்கள்

### 1. சியாலிக் அமிலத் தொப்பியை நறுக்குதல்

ஃபுளூவை உண்டாக்கும் இன்ஃபுளுவென்சா வைரசின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் முக்கியமானவை. ஹீமாக்ளூட்டினின் சியாலிக் அமிலத்தைப் பற்றிச் செல்லுக்குள் நுழைய உதவுகிறது. நியூராமினிடேஸ் என்னும் நொதி அதே சியாலிக் அமிலத்தை வெட்டுகிறது. புதிதாகப் பிறந்த வைரஸ்கள் தாயகச் செல்லிலேயே ஒட்டிக் கிடக்காமல் விடுபட்டுப் போக இந்த வெட்டு தேவை. வைரஸ் தன் தேவைக்காகச் செய்யும் இந்த வெட்டு, பாக்டீரியாவுக்கு எதிர்பாராத பரிசாகிறது. தொப்பி போனதும் கீழே மறைந்திருந்த சர்க்கரைகள் வெளிப்படுகின்றன. நியூமோகாக்கஸ் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. நியூமோகாக்கசிடமும் சொந்த நியூராமினிடேஸ் நொதிகள் உண்டு என்றாலும், அது வந்து சேரும் முன்பே வைரஸ் பெரும்பகுதி வேலையை முடித்து வைத்திருக்கிறது.

எலிகளில் நடந்த சோதனைகள் இதற்கு வலுச் சேர்த்தன. 2000-களின் தொடக்கத்தில் ஜொனதன் மெக்கல்லர்சின் குழு, வைரஸ் நியூராமினிடேசின் செயல் நியூமோகாக்கஸ் ஒட்டுதலைக் கூட்டுகிறது என்றும், அந்த நொதியைத் தடுக்கும் ஒசெல்டாமிவிர் மருந்து பின்தொடரும் நிமோனியாவிலிருந்து எலிகளைக் காக்கிறது என்றும் காட்டியது.

வெட்டப்பட்ட சியாலிக் அமிலமும் வீணாவதில்லை. 2014-இல் ஜெஃப்ரி வைசரின் குழு வெளியிட்ட ஆய்வின்படி, விடுபட்ட சியாலிக் அமிலம் நியூமோகாக்கசுக்கு உணவாகி அதன் பெருக்கத்தைத் தூண்டுகிறது. ஹீமோஃபிலஸ் அதைத் தன் மேற்பரப்பில் பூசிக்கொண்டு உடலின் சொந்த செல்லைப்போல வேடமிடுகிறது. ஒரே வெட்டில் பிடிமானம், உணவு, மாறுவேடம் ஆகிய மூன்றும் கிடைத்துவிடுகின்றன. இத்துறையில் இதைவிடச் சிக்கனமான ஒரு பொறிமுறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

### 2. படலத்தை உரித்தல்

இன்ஃபுளுவென்சா தான் தொற்றிய செல்களைக் கொல்கிறது. சிலியா உள்ள செல்கள் உதிர்கின்றன. மீந்தவற்றின் சிலியா ஒழுங்காக அடிப்பதில்லை. கோழை தேங்குகிறது. உதிர்ந்த இடங்களில் அடித்தளச் சவ்வு திறந்து கிடக்கிறது. ஃபைப்ரோனெக்டினையும் கொலாஜனையும் பற்றும் புரதங்கள் ஸ்டஃபிலோகாக்கசிடமும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களிடமும் தாராளமாக உள்ளன. எனவே அவை அந்தத் திட்டுகளில் குவிகின்றன. புண் ஆறத் தொடங்கும்போதும் இந்த வாய்ப்பு மூடிவிடுவதில்லை. புதிதாக நகர்ந்து வந்து இடைவெளியை நிரப்பும் முதிராத செல்கள், முதிர்ந்த செல்கள் காட்டாத ஏற்பிகளைத் தம் மேற்பரப்பில் காட்டுகின்றன. காய்ச்சல் குறைந்து "ஆறிவிட்டது" என்று தோன்றும் நாட்களிலும் அபாயம் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

### 3. ஏற்பிகளைக் கூட்டுதல்

தொற்றுக்கு உள்ளான செல்லும் அதன் அண்டைச் செல்களும் அழற்சிச் சமிக்ஞைகளுக்குப் பதிலாகத் தம் மேற்பரப்புப் புரதங்களை மாற்றியமைக்கின்றன. ஐகேம்-1 போன்ற புரதங்கள் வெள்ளையணுக்களுக்குக் கைகொடுப்பதற்காக அதிகரிக்கின்றன. ஹீமோஃபிலஸ் போன்றவை அந்தக் கையைத் தாமே பற்றுகின்றன. சீகேம்-1, ஃபைப்ரோனெக்டினைப் பற்றும் இன்டெக்ரின்கள் ஆகியவையும் இவ்வாறு கூடுவது பதிவாகியிருக்கிறது. இன்ஃபுளுவென்சாவின் நியூராமினிடேஸ், டிஜிஎஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணியைச் செயலூட்டி, அதன் வழியாக ஃபைப்ரோனெக்டினையும் இன்டெக்ரினையும் பெருக்குகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. முதல் வழியும் மூன்றாம் வழியும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

அதிகம் பேசப்பட்டது பி.ஏ.எஃப். ஏற்பி. பிளேட்லெட்களைத் தூண்டும் ஒரு கொழுப்புப் பொருளுக்காக உடல் வைத்திருக்கும் ஏற்பி அது. அந்தக் கொழுப்பிலும் பாஸ்போரில்கோலின் உண்டு, நியூமோகாக்கசின் சுவரிலும் உண்டு. ஆகவே பாக்டீரியா அந்த ஏற்பியை ஏமாற்றிப் பற்றுகிறது என்ற விளக்கம் 1995 முதல் பாடநூல்களில் இடம்பெறுகிறது. விளக்கம் அழகானது, சான்று அவ்வளவு ஒருமுகமாக இல்லை. செல் வளர்ப்புகளில் பல குழுக்கள் இதை ஆதரித்துள்ளன. விலங்குச் சோதனைகளிலோ, ஏற்பியை நீக்கியபோது பாதுகாப்பு கிடைத்த ஆய்வுகளும் உள்ளன, அதைத் தடுத்தும் பெரிய பயன் தெரியாத ஆய்வுகளும் உள்ளன. பாக்டீரியா அந்த ஏற்பியோடு நேரடியாகப் பிணைகிறதா என்பதையே கேள்விக்குள்ளாக்கிய கட்டுரையும் வந்திருக்கிறது. இதை முடிந்த உண்மையாக எழுதும் கட்டுரைகளைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

### 4. வைரசின் புரதமே ஏற்பியாதல்

வைரஸ் ஒரு செல்லுக்குள் பெருகும்போது, அதன் புரதங்கள் அந்தச் செல்லின் மேற்பரப்பில் வந்து நிற்கின்றன. புதிய வைரஸ் அங்கிருந்துதான் மொட்டுவிடும். இப்புரதங்களைப் பாக்டீரியா நேரடியாகப் பற்றலாம். இன்ஃபுளுவென்சா தொற்றிய செல் வளர்ப்புகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூடுதலாக ஒட்டுவது 1978-இலேயே விவரிக்கப்பட்டது. குழந்தைகளின் மூச்சுக்குழல்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரசின் ஜி புரதம், நியூமோகாக்கசுக்கும் ஹீமோஃபிலசுக்கும் இத்தகைய ஏற்பியாகச் செயல்படுகிறது.

### 5. பாக்டீரியாவின் மேலேயே வைரஸ் ஏறிக்கொள்ளுதல்

நெடுங்காலம் இத்துறை செல்லை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது: வைரஸ் செல்லை மாற்றுகிறது, மாறிய செல்லில் பாக்டீரியா ஒட்டுகிறது என்ற வரிசைதான் எல்லாரது மனத்திலும் இருந்தது. 2019-இல் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையைச் சேர்ந்த குழு ஒன்று வரிசையை மாற்றிப் பார்த்தது. அவர்கள் முதலில் பாக்டீரியாவையும் இன்ஃபுளுவென்சா வைரசையும் ஒன்றாகக் கலந்து வைத்தார்கள். பிறகு பற்றாத வைரசைக் கழுவி நீக்கினார்கள். மேற்பரப்பில் வைரஸ் ஒட்டியிருந்த அந்தப் பாக்டீரியாவைச் செல்களின் மேல் இட்டபோது, வெறும் பாக்டீரியாவைவிட அது கூடுதலாக ஒட்டியது. அந்தச் செல்களுக்கு முன்கூட்டியே வைரஸ் தொற்று ஏற்பட்டிருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எலிகளுக்குச் செலுத்தியபோதும், வைரஸ் ஒட்டிய நியூமோகாக்கஸ் திசுக்களில் அதிக எண்ணிக்கையில் காணப்பட்டது.

நியூமோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆகிய கிராம்-நேர் பாக்டீரியாக்களிலும், மொராக்செல்லா, ஹீமோஃபிலஸ் ஆகிய கிராம்-எதிர் பாக்டீரியாக்களிலும் இந்த நேரடிப் பிணைப்பு காணப்பட்டது. செல் சுவர் அமைப்பில் இவ்வளவு வேறுபடும் பாக்டீரியாக்கள் எல்லாம் வைரசைச் சுமக்கின்றன என்றால், வைரஸ் பாக்டீரியாவுக்கும் செல்லுக்கும் இடையே பாலமாக நிற்கிறது என்று எண்ண இடமுண்டு. ஆர்.எஸ்.வி. விஷயத்தில் இன்னொரு படி மேலே போகிறது: அதன் ஜி புரதம் நியூமோகாக்கசின் பிபிபி1ஏ என்னும் புரதத்தோடு பிணைவதாகவும், அதனால் பாக்டீரியாவின் நோயூட்டும் தன்மையே கூடுவதாகவும் 2014-இல் ஓர் ஆய்வு கூறியது. அங்கே வைரஸ் வெறும் பாலமாக நிற்கவில்லை, பாக்டீரியாவின் நடத்தையையே மாற்றியிருக்கிறது.

## வைரசுக்கு வைரஸ் வேறுபாடு

சாதாரண ஜலதோஷம் உண்டாக்கும் ரைனோவைரஸ், இன்ஃபுளுவென்சாவைப்போலப் படலத்தை உரிப்பதில்லை. அதனிடம் நியூராமினிடேசும் இல்லை. ஆயினும் ஏற்பிகளையும் ஃபைப்ரோனெக்டினையும் கூட்டுவதன் மூலம் அது மூக்குச் செல்களில் பாக்டீரியா ஒட்டுதலை உயர்த்துகிறது. அதாவது முதல் இரண்டு வழிகளும் இல்லாமலேயே மூன்றாம் வழி மட்டும் வேலை செய்கிறது. சைனஸ் அழற்சியும் நடுக்காது அழற்சியும் ஜலதோஷத்தின் வாலைப் பிடித்து வருவதில் இதற்குப் பங்குண்டு.

2006-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு ஒன்று ஆர்.எஸ்.வி., பாராஇன்ஃபுளுவென்சா-3, இன்ஃபுளுவென்சா ஆகிய வைரஸ்களை வெவ்வேறு மூச்சுப்பாதைச் செல்களில் வைத்துச் சோதித்து, ஒட்டுதல் கூடுவது வைரசின் இனத்தையும் செல்லின் வகையையும் பொறுத்தது என்று காட்டியது. ஒரு வைரசுக்கான முடிவை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்வது எவ்வளவு தவறானது என்பதற்குக் கோவிட் பெருந்தொற்று கண்கூடான உதாரணம். 1918 ஃபுளூ பெருந்தொற்றை நினைத்து, பாக்டீரியா நிமோனியா பெருவாரியாகத் தொடரும் என்று தொடக்கத்தில் அஞ்சினார்கள். நடந்தது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட தகவலின்படி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கோவிட் நோயாளிகளில் ஆன்டிபயாடிக் தேவைப்படும் பாக்டீரியாத் தொற்று இருந்தவர்கள் சுமார் 8 சதவீதம். ஆன்டிபயாடிக் பெற்றவர்களோ நான்கில் மூவர்.

## ஒட்டிய பின் நடப்பது

ஒட்டுதல் மட்டுமே நோயாகிவிடாது. மூக்கில் குடியிருக்கும் பாக்டீரியாவும் ஒட்டித்தான் இருக்கிறது. ஒட்டிய பாக்டீரியா கீழே இறங்கி நுரையீரலில் நிலைக்க வேறு சில நிபந்தனைகளும் கைகூட வேண்டும்.

முதலாவது, காவல் தளர்வது. நுரையீரலின் காற்றுப்பைகளில் ரோந்து வரும் மேக்ரோஃபேஜ் செல்கள் சிறு எண்ணிக்கையில் வரும் பாக்டீரியாவைச் சத்தமின்றி விழுங்கிவிடும். இன்ஃபுளுவென்சாவுக்கு எதிராக உடல் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் வைரசை ஒடுக்க உதவினாலும், இந்த விழுங்கு செல்களின் பாக்டீரியாவைப் பற்றும் திறனைக் குறைக்கிறது என்பது 2008-இல் எலிகளில் தெரிந்தது.

இரண்டாவது, குடியிருப்பு கலைவது. மூக்கில் நியூமோகாக்கஸ் பெரும்பாலும் பயோஃபிலிம் என்னும் கூட்டுப் படலமாக, மந்தமாக வாழ்கிறது. வைரஸ் தொற்றால் வரும் காய்ச்சல் வெப்பமும், சேதமான செல்களிலிருந்து கசியும் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) போன்ற பொருள்களும் அதைக் கலைக்கும் சமிக்ஞைகளாகின்றன என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. கலைந்து வெளியேறும் பாக்டீரியா, படலத்தில் இருந்ததைவிட வீரியம் மிக்கது. அது மூச்சோடு கீழே போகும் அதே நாட்களில்தான் கீழே உள்ள செல்களும் பிடிமானம் தரும் நிலையில் இருக்கின்றன. எலிகளில் வைரஸ் கொடுத்து ஏறத்தாழ ஏழாம் நாளில் பாக்டீரியா கொடுத்தால் இறப்பு மிகுதி. இந்த நிபந்தனைகள் ஒருங்கே கூடிவரும் காலம் அது.

## 1918-இன் சாட்சியம்

1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் ஃபுளூ நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே ஃபுளூவுக்குக் காரணம் என்று அறிவித்தார். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1918 பெருந்தொற்றில் இறந்தோர் பலரின் நுரையீரலிலும் அது இருந்தது, சிலரிடம் இல்லை. அவரது முடிவு பிழை, அவர் கண்டது பிழையன்று: நோயைத் தொடங்கியதைப் பார்க்க அன்று கருவி இல்லை, பின்தொடர்ந்ததை மட்டுமே அவரால் பார்க்க முடிந்தது. 1931-இல் ரிச்சர்ட் ஷோப், பன்றி ஃபுளூவில் வடிகட்டியைக் கடக்கும் வைரசும் ஹீமோஃபிலஸ் பாக்டீரியாவும் சேர்ந்தால்தான் கடும் நோய் வருகிறது, வைரஸ் மட்டும் என்றால் நோய் இலேசாகவே இருக்கிறது என்று காட்டினார். மனித ஃபுளூ வைரஸ் 1933-இல் பிரித்தெடுக்கப்பட்டது.

2008-இல் டேவிட் மோரென்ஸ், ஜெஃப்ரி டாபன்பெர்கர், ஆன்டனி ஃபௌச்சி ஆகியோர் 1918-19-இல் இறந்த 58 பேரின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை மறுபடியும் ஆராய்ந்தார்கள். அக்காலத்துப் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளையும் திரட்டினார்கள். பெரும்பாலான இறப்புகள் இரண்டாம் நிலைப் பாக்டீரியா நிமோனியாவால் நிகழ்ந்தவை என்பது அவர்களின் முடிவு. உரிந்த எபிதீலியத்தையும் அதன் அருகே திரண்ட பாக்டீரியாவையும் அந்தத் திசுச் சீவல்களில் காண முடிந்தது. ஆன்டிபயாடிக் பெருகிய காலத்திலும் இது மறைந்துவிடவில்லை: 2009 பெருந்தொற்றின்போது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்த 77 இறப்புகளில் 22-இல் பாக்டீரியாக் கூட்டுத் தொற்று இருந்தது, அவற்றுள் 10 நியூமோகாக்கஸ்.

## சிகிச்சைக்கும் தடுப்புக்கும் இதன் பொருள்

1. வைரஸ் காய்ச்சலின் தொடக்கத்திலேயே "பின்னால் பாக்டீரியா வரலாம்" என்று ஆன்டிபயாடிக் உட்கொள்வது இந்த அறிவியலிலிருந்து பெறப்படும் முடிவாகாது. ஆன்டிபயாடிக் செல்லின் மேற்பரப்பில் நிகழும் எந்த மாற்றத்தையும் திருப்பிவிடுவதில்லை. மூக்கில் குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்களை அழித்து, மருந்துக்கு அடங்காதவற்றுக்கு இடம் விடுகிறது.

2. காய்ச்சல் தணிந்து ஓரிரு நாள் தேறிய பின் மீண்டும் ஏறுவது, நிறம் மாறிய சளியோடு இருமல் கூடுவது, நெஞ்சில் குத்தும் வலி, மூச்சுத் திணறல் ஆகியவை இரண்டாம் நிலைத் தொற்றை எண்ண வைக்கும் அடையாளங்கள். அப்போது மருத்துவர் ஆன்டிபயாடிக் தருவது முன்பு மறுத்ததற்கு முரணாகாது. நோய் வேறொரு கட்டத்துக்குப் போயிருக்கிறது. முதியோர், சிறு குழந்தைகள், கருவுற்றவர்கள், நீண்டகால இதய, நுரையீரல் நோயுள்ளவர்கள் ஆகியோரிடம் இந்த அடையாளங்கள் மங்கலாகவே தெரியலாம் என்பதால் காத்திருப்பது நல்லதன்று.

3. வைரஸ் நோய்க்கும் பாக்டீரியாத் தடுப்பூசி உதவுகிறது என்பது கேட்கும்போது விந்தையாகத் தோன்றும். தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் குழந்தைகளுக்கு 9 வகை நியூமோகாக்கஸ்களுக்கு எதிரான தடுப்பூசியைக் கொடுத்து நடத்திய சோதனையில், வைரஸ் கண்டறியப்பட்ட நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்வது சுமார் 31 சதவீதம் குறைந்தது. 2004-இல் ஷபிர் மாதியும் கீத் கிளுக்மனும் இதை வெளியிட்டார்கள். வைரஸ் நிமோனியா என்று பதிவானவற்றில் கணிசமான பகுதிக்குப் பின்னால் நியூமோகாக்கஸ் இருந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் இதற்குப் பொருந்துவதில்லை. மறுபக்கம், ஃபுளூ தடுப்பூசி ஒட்டுதலின் முதல் படியையே நிகழாமல் செய்கிறது.

4. நியூராமினிடேஸ் தடுப்பு மருந்துகள் எலிகளில் காட்டிய பயனை மனிதர்களில் எதிர்பார்ப்பதற்குக் காலம் குறுக்கே நிற்கிறது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அவை நன்கு உதவுகின்றன. பெரும்பாலான நோயாளிகள் அதற்குள் மருத்துவரிடம் போவதில்லை.

5. ஒட்டுதலையே தடுக்கும் மருந்து என்ற எண்ணம் பழையது. ஆன்டிபயாடிக்போலப் பாக்டீரியாவைக் கொல்லாததால் மருந்தெதிர்ப்பு உருவாவதற்கான அழுத்தம் குறைவாக இருக்கும் என்பது அதன் கவர்ச்சி. இடர், பிடிகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. நியூமோகாக்கசுக்கு சிபிபிஏவை அடைத்தால் பாஸ்போரில்கோலின் மிச்சம். அதையும் அடைத்தால், உரிந்த படலத்தின் கீழே ஃபைப்ரோனெக்டின் காத்திருக்கிறது. ஹீமோஃபிலசுக்கும் ஸ்டஃபிலோகாக்கசுக்கும் தனித்தனிப் பட்டியல்கள். எனவே கவனம் இப்போது எல்லாப் பாக்டீரியாக்களுக்கும் பொதுவாக வைரஸ் செய்து தரும் மாற்றங்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. அவற்றுள் நியூராமினிடேசின் வெட்டு ஒன்றுக்குத்தான் இப்போதைக்கு மருந்து கையில் உள்ளது. உரிந்த எபிதீலியத்தை விரைவாக வளரச் செய்வதற்கும், பாக்டீரியாவின் மேல் வைரஸ் ஏறிக்கொள்வதைத் தடுப்பதற்கும் ஆய்வகத்துக்கு வெளியே இன்னும் எந்த மருந்தும் வரவில்லை.